திருகோணமலையிலிருந்து கிறிஸ்தவ இளைஞர் தலைமைப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு: கடிதம், காசு, காலம்

பங்கு இளைஞர் ஒன்றியத்திலோ சபை வாலிபர் கூட்டத்திலோ இருக்கிற ஒருவர் தலைமைப் பயிற்சிக்குப் போக விரும்பினால், “சுவாமியைக் கேளுங்கோ”, “போதகர் ஐயாவைக் கேளுங்கோ” என்பதோடு வழிகாட்டல் முடிந்துவிடுகிறது. அவர்களுக்கும் உதவ மனம் உண்டு. ஆனால் எந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும், எந்த அலுவலகத்துக்கு முதலில் போக வேண்டும், கட்டணம் போக இன்னும் எவ்வளவு காசு தேவைப்படும் என்பதெல்லாம் அலைந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் அலைந்திருக்கிறேன். முத்திரை இல்லை என்று கடிதத்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறேன். தமிழில் நடக்கும் என்று சொன்ன வகுப்பில் போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர் காதில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களுக்கு அந்தச் சுற்று வேண்டாம்.

இது உயர்தரம் படிக்கிற வயதிலிருந்து முப்பதுக்குள் இருக்கிறவர்களுக்கு. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கன், சுயாதீன சபைகள் என்று எல்லோருக்கும் பொதுவானதைச் சொல்கிறேன். வேறுபடும் இடத்தில் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

1. போவதற்கு முன் ஊரில் ஒரு பொறுப்பை எடுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டி நேராக விண்ணப்பப் படிவத்துக்குப் போகிறார்கள். படிவத்தில் “தற்போது உங்கள் பங்கில் அல்லது சபையில் என்ன பணி செய்கிறீர்கள்?” என்று ஒரு கேள்வி பெரும்பாலும் இருக்கும். அங்கே “இளைஞர் ஒன்றிய அங்கத்தவர்” என்று மட்டும் எழுதினால் தெரிவு செய்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிவானாலும் வகுப்பில் உங்களுக்கு எடுத்துப் பேச ஒன்றும் இருக்காது. குழுவாக உட்கார்ந்து அவரவர் ஊர்ப் பிரச்சினையைச் சொல்லச் சொல்வார்கள். கையில் வேலை இருக்கிறவர் பேசுவார், மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார்.

பெரிய பதவி தேவையில்லை. மறைக்கல்வி அல்லது ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு வகுப்புக்கு உதவி, பாடகர் குழுவின் பாட்டுப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்வது, நத்தார் கரோல் காசுக்குக் கணக்கு வைப்பது, பிள்ளைகளைச் சேர்த்துச் சனிக்கிழமை பின்னேரம் பந்து விளையாட விடுவது, இதில் ஒன்று போதும். ஆனால் குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இருந்தாள். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள். வரவுப் பதிவேட்டை அவளிடம் கொடுத்தோம். முதலில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தானாகவே புள்ளடி போட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் பெயரை மெல்ல வாசிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நாள் போக, வராத பிள்ளையின் பெயருக்கு நேரே பென்சிலால் சின்னதாகக் காரணம் எழுதி வைத்தாள்: காய்ச்சல், ரியூஷன், அம்மம்மா வீடு. அந்தப் பென்சில் குறிப்புகளைப் பார்த்துத்தான் ஞாயிறு காலை ரியூஷன் வகுப்பால் எத்தனை பிள்ளைகள் வராமல் நிற்கிறார்கள் என்று எங்களுக்கே தெரிய வந்தது. எங்கள் வகுப்பு நேரத்தை மாற்ற வேண்டும் என்று எழுந்து பேசியதும் அவள்தான். அதற்குப் பிறகு அவளைப் பயிற்சிக்கு அனுப்பினோம். போன இடத்தில் அவளிடம் சொல்ல விஷயம் இருந்தது.

அவள் தானாகச் செய்ததைத்தான் பல பயிற்சிகளில் ஒரு முறையாகச் சொல்லித் தருகிறார்கள். பெல்ஜியக் குருவான ஜோசப் கார்டின் தொடங்கிய இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்தது அது: பார், தீர்மானி, செயற்படு. நடப்பதை முதலில் உள்ளபடி பார்ப்பது, நற்செய்தியை வைத்து அதை எடைபோடுவது, பிறகு சின்னதாக என்றாலும் ஒரு காரியம் செய்வது. போவதற்கு முன்பே உங்கள் ஊரில் இதை ஒரு தடவை செய்து பார்த்து, ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். விண்ணப்பம், நேர்முகம், வகுப்பு மூன்றுக்கும் அந்தக் கொப்பி உதவும்.

2. எந்தப் பயிற்சி என்று தெரிந்துகொள்ளுங்கள்

தலைமைப் பயிற்சி என்ற ஒரே பெயரில் வெவ்வேறு விஷயங்கள் நடக்கின்றன. வார இறுதி முகாம் ஒன்று. தங்கிப் படிக்கும் ஒரு வார அல்லது பத்து நாள் பயிற்சி இன்னொன்று. வாரத்தில் ஒரு நாள் என்று மாதக்கணக்கில் போகும் சான்றிதழ் வகுப்பும் உண்டு. முழுநேரப் பணிக்குப் போகிறவர்களுக்கான இறையியல் படிப்பு வேறு வகை. பிலிமத்தலாவையில் உள்ள இலங்கை இறையியல் கல்லூரியும் பேராதனையில் உள்ள லங்கா வேதாகமக் கல்லூரியும் அதற்குரியவை. முதல் தடவை போகிறவர் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தைக்கு அடுத்து மறைமாவட்ட இளைஞர் பணிக்குப் பொறுப்பான குருவிடம் விசாரியுங்கள். ஒன்றாக இருந்த திருகோணமலை-மட்டக்களப்பு மறைமாவட்டம் 2012இல் இரண்டாகப் பிரிந்து, திருகோணமலை தனி மறைமாவட்டமாகிவிட்டது. ஆகவே உங்கள் கடிதம் போக வேண்டியது திருமலை ஆயர் இல்லத்துக்கு. பழைய படிவத்தை வைத்துக்கொண்டு மட்டக்களப்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். மெதடிஸ்தர் என்றால் சேகர முகாமைக்குருவிடம். மாணவர் என்றால் பாடசாலையில் இளங்கிறிஸ்தவ மாணவர் இயக்கமோ கிறிஸ்தவ மாணவர் ஒன்றியமோ இயங்குகிறதா என்று பாருங்கள். வை.எம்.சி.ஏ., வை.டபிள்யூ.சி.ஏ. இரண்டுக்கும் இளைஞர் வேலைத்திட்டங்கள் உண்டு. பங்கிலும் சபையிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் இருக்கும் இளைஞர் சேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் பயிற்சிகள் சமயம் சார்ந்தவை அல்ல. ஆனால் கூட்டம் நடத்துவதையும் கணக்கு வைப்பதையும் அறிக்கை எழுதுவதையும் அங்கே நன்றாகப் பழகலாம்.

பதிவு செய்வதற்கு முன் இந்த நான்கு கேள்விகளையும் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்:

- எந்த மொழியில் நடக்கிறது? “மூன்று மொழியிலும்” என்று சொன்னால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் முழு நேரமும் இருப்பாரா?
- தங்குமிடமும் சாப்பாடும் கட்டணத்துக்குள் அடங்குமா?
- முடிவில் சான்றிதழ் உண்டா? எத்தனை நாள் வந்தால் கிடைக்கும்?
- பெண்கள் தங்கும் இடத்துக்குப் பொறுப்பாகப் பெண் ஒருவர் இருக்கிறாரா?

கடைசிக் கேள்வியை ஆண்களும் கேளுங்கள். உங்களோடு வரும் தங்கச்சிமாருக்காகக் கேட்க வேண்டியது அது.

இரண்டு பொறிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒன்று, “தலைமைத்துவக் கருத்தரங்கு” என்று ஹோட்டல் மண்டபத்துக்கு அழைத்து, முடிவில் காசு கட்டி ஆள் சேர்க்கச் சொல்லும் கூட்டம். ஜெபத்தோடு தொடங்கினாலும் அது வியாபாரம்தான். ஆள் சேர்த்தால் காசு என்ற பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்டவை. மற்றது, வெளிநாட்டு இளைஞர் மாநாட்டுக்கு விசா எடுத்துத் தருகிறோம் என்று முற்பணம் கேட்கும் தரகர்கள். கத்தோலிக்க இளைஞர்கள் பல நாடுகளிலிருந்தும் கூடும் உலக இளையோர் தினம் அடுத்து 2027 ஓகஸ்ட் 3 முதல் 8 வரை தென்கொரியாவின் சோலில் நடக்கவிருக்கிறது. இப்படி ஒரு நிகழ்வு நெருங்க நெருங்க இவர்களும் பெருகுவார்கள். அப்படிப்பட்ட பயணம் மறைமாவட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். தனி ஆளின் கையில் காசு கொடுக்காதீர்கள்.

3. ஆவணங்களை ஒரு கோப்பில் சேருங்கள்

பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு ஒன்று வாங்குங்கள். மழைக்காலத்தில் பஸ்ஸில் நனைந்த சான்றிதழைக் காய வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூலப் பிரதிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோக்கொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை மட்டும் மூலமாகக் கையில் இருக்கட்டும்.

தேசிய அடையாள அட்டை. முதலில் பெயரைப் பாருங்கள். நம்மிடையே பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் இன்னொன்று, வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது. விண்ணப்பத்தில் ஞானஸ்நானப் பெயரை எழுதினால் பயிற்சிச் சான்றிதழும் அந்தப் பெயரிலேயே அச்சாகி வரும். பிறகு வேலைக்கோ வேறு படிப்புக்கோ அதைக் கொடுக்கும்போது, இது நீங்கள்தான் என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசி முடிக்கச் சொல்வார்கள். ஆகவே அடையாள அட்டையில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே, ஆங்கிலத்தில் என்றால் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

திருமுழுக்கு அல்லது ஞானஸ்நானச் சான்றிதழ். எல்லாப் பயிற்சிக்கும் கேட்பதில்லை. கேட்டால் நேரம் எடுக்கும் ஆவணம் இதுதான். இப்போது நீங்கள் இருக்கும் பங்கில் இது கிடைக்காது. திருமுழுக்குப் பெற்ற கோவிலின் பதிவேட்டில்தான் இருக்கும். எங்கள் மாவட்டத்தில் இடம்பெயராத குடும்பம் அரிது. அண்ணன் பாலையூற்றில், தம்பி மன்னாரில், அக்கா தமிழ்நாட்டு முகாமுக்குப் பக்கத்துக் கோவிலில் என்று ஒரே வீட்டில் மூன்று பதிவேடு இருக்கலாம். நீங்களாகக் கடிதம் எழுதுவதைவிட உங்கள் பங்குத்தந்தை மூலம் அந்தப் பங்குக்கு எழுதுவது விரைவாக நடக்கும். பிறந்த திகதி, தாய் தந்தை பெயர், ஞானப் பெற்றோர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று ஒரு துண்டில் எழுதி அவரிடம் கொடுங்கள். பயிற்சி அறிவித்தல் வரும் வரை காத்திருக்காமல் இன்றே கேட்டு வையுங்கள்.

பங்குத்தந்தை அல்லது போதகர் கடிதம். “இவர் எமது பங்கைச் சேர்ந்தவர், நல்லவர்” என்று இரண்டு வரியில் கடிதம் வாங்கிப் போய்த் திரும்பி வந்தவர்கள் அதிகம். கடிதத்தில் இருக்க வேண்டியவை:

- கடிதத் தலைப்பு, திகதி, கையொப்பம், இறப்பர் முத்திரை
- அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயரும் இலக்கமும்
- எவ்வளவு காலமாகத் தெரியும், என்ன பொறுப்பில் இருக்கிறீர்கள்
- பயிற்சியின் பெயரும் திகதிகளும்
- திரும்பி வந்த பின் பங்கு உங்களுக்கு என்ன பணி கொடுக்கப்போகிறது

ஐந்தாவதை யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களே கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடித்து வந்த பல பேருடைய ஆர்வம் இரண்டு மாதத்தில் அடங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஊரில் அவர்களுக்கென்று ஒரு வேலை ஒதுக்கி வைக்கப்படவில்லை என்பதே காரணம். எழுத்தில் இருந்தால் இரண்டு பக்கமும் நினைவில் வைத்திருக்கும்.

வரைவை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். சுவாமிக்கோ போதகருக்கோ அது பெரிய உதவி. ஞாயிறு பூசை முடிந்து சனம் சூழ்ந்து நிற்கும்போது நீட்டாமல், கிழமை நாளில் நேரம் கேட்டுப் போங்கள்.

கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். வதிவிடமும் நன்னடத்தையும் சேர்ந்தது. கிராம உத்தியோகத்தர் எழுதித் தந்த பின் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்க வேண்டும். நகரத்தில் இருக்கிறவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். இந்த மேலொப்பத்தை மறந்துவிட்டுத்தான் பலர் இரண்டாம் தடவை அலைகிறார்கள். சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். மிக முந்தியும் எடுக்காதீர்கள். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருப்பதில்லை, வெளிக்கள நாட்கள் உண்டு. கதவில் தொங்கும் பலகையை ஒரு தடவை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வீண் நடை மிச்சம்.

பெற்றோர் சம்மதக் கடிதம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டாயம். அதிலேயே அவசரத் தொலைபேசி இலக்கம் இரண்டும், ஒவ்வாமை, இழுப்பு, தொடர்ந்து எடுக்கும் மருந்து ஆகியவையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

சிறுவர்களோடு வேலை செய்யும் பயிற்சி என்றால் பொலிஸ் அறிக்கையும் கேட்கலாம். கேட்கிறார்களே என்று மனம் நோக வேண்டாம். அது நல்ல நிறுவனத்தின் அடையாளம். அதற்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

4. வீட்டில் பேசுங்கள்

குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு இது ஆவணங்களைவிடப் பெரிய படி. “எல்லாரும் போகினம்” என்று சொன்னால் வேலைக்காகாது. அம்மா அப்பா கேட்கப்போவது நான்கு விஷயம்: யாரோடு போகிறாய், எங்கே படுப்பாய், யார் பொறுப்பு, எப்படித் திரும்பி வருவாய். நிகழ்ச்சி நிரல், பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கம், போக வர பஸ் அல்லது ரயில் விபரம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி மேசையில் வையுங்கள். கூடவே பங்குச் சகோதரியையோ ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியையையோ ஒரு தடவை வீட்டுக்கு வந்து பேசச் சொல்லுங்கள். கடற்தொழில் செய்யும் வீடு என்றால் அப்பா கடலுக்குப் போகாத நேரம் பார்த்து வரச் சொல்லுங்கள். களைத்து வந்து படுத்திருக்கும்போது யார் பேசினாலும் “வேண்டாம்” என்றுதான் பதில் வரும்.

வேலைக்குப் போகிறவர்கள் விடுமுறைக் கடிதத்தை அழைப்புக் கடிதத்தின் பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். வாய்ச்சொல்லில் விடுமுறை வாங்கிப் போய் சம்பளத்தில் வெட்டு வாங்கியவர்கள் உண்டு.

5. செலவை முழுதாகக் கணக்கிடுங்கள்

கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். கட்டணம் குறைந்த பயிற்சிக்குக்கூடப் போய் வரும் செலவு அதைத் தாண்டிவிடும். எழுத வேண்டிய தலைப்புகள்: பதிவுக் கட்டணம், பஸ் அல்லது ரயில் இரு வழி, வீட்டிலிருந்து பஸ் நிலையத்துக்கு ஓட்டோ (விடியற்காலை என்றால் கூடக் கேட்பார்கள்), வழிச் சாப்பாடு, போட்டோக்கொப்பி, போன் டேட்டா, கையில் அவசரக் காசு. இவற்றோடு எல்லோரும் விட்டுவிடும் ஒன்று, இழக்கும் நாட்கூலி. மேசன் வேலைக்கோ கடலுக்கோ போகும் பொடியன் ஒரு வாரம் நின்றால் வீட்டில் அடுப்பு எரிவதே கேள்வியாகும். அவனுக்கு “கட்டணம் இலவசம்” என்று சொல்வதில் அர்த்தமில்லை. பங்கு அருட்பணிச் சபையிடம் உதவி கேட்கும்போது இந்த நாட்கூலியையும் வெளிப்படையாக எழுதிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

உதவிக் கடிதம் ஒரு பக்கம் போதும்: என்ன பயிற்சி, மொத்தச் செலவு எவ்வளவு, அதில் நீங்கள் போடுவது எவ்வளவு, கேட்பது எவ்வளவு. சிறு தொகையாவது உங்கள் பங்காக இருக்கட்டும். சபையாருக்கு அது நம்பிக்கை தரும்.

குழுவாகப் போகிறீர்கள் என்றால் மதியச் சாப்பாட்டுப் பார்சல் விற்பதுதான் எங்கள் ஊரில் கைகண்ட வழி. ஆனால் ரிக்கெட்டை முன்கூட்டியே விற்று, எண்ணிக்கை தெரிந்த பிறகே அரிசியும் கோழியும் வாங்குங்கள். ஒரு பார்சல் 600 ரூபாய், அதற்கான செலவு 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 பார்சலில் கையில் நிற்பது 20,000 ரூபாய். விற்காமல் 20 பார்சல் மிஞ்சினால் அதிலிருந்து 12,000 ரூபாய் போய்விடும். அதனால்தான் ரிக்கெட் முதலில்.

காசைத் தனி ஆளின் கணக்கில் போடாதீர்கள். பங்கின் கணக்கு அல்லது இரண்டு பேர் கையொப்பமிடும் கணக்கு. வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு. நல்ல மனதோடு தொடங்கிய எத்தனையோ இளைஞர் குழுக்கள் காசுக் கணக்கில்தான் உடைந்தன. கணக்குக் கொப்பியை யார் கேட்டாலும் காட்டக்கூடிய நிலையில் வைத்திருப்பதே தலைமைப் பயிற்சியின் பெரிய பகுதி என்று நான் நினைக்கிறேன்.

6. காலத்தைத் தெரிவு செய்யுங்கள்

சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் மாதங்களே மிக நல்ல காலம். ரியூஷன் இல்லை, வீட்டிலும் “சும்மா இருக்கிறாய்” என்ற பேச்சு வரும் நேரம். பயிற்சிக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே கோப்பைத் தொடங்கினால் பதற்றமில்லாமல் முடிக்கலாம்.

கடற்தொழில் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. எங்கள் பக்கத்தில் ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடல் அமைதி, தொழில் நடக்கும் காலம். கொழும்பில் திட்டமிடுகிறவர்கள் ஓகஸ்ட் விடுமுறையில்தான் முகாம் வைப்பார்கள். முடிந்தால் வாடைக் காலத்தில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை நடக்கும் பயிற்சியைத் தேடுங்கள். அந்த மாதங்களில் மழையும் வெள்ளமும் பயணத்தைக் கெடுக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மறைமாவட்டங்களில் இளையோர் தினம் கிறிஸ்து அரசர் பெருவிழா ஞாயிறன்று, நவம்பர் கடைசிப் பக்கம் வரும். அந்த வாரத்திலும் புனித வாரத்திலும் நத்தாரை ஒட்டியும் சுவாமிமாரிடம் கையொப்பத்துக்குப் போகாதீர்கள். நேரமே கிடைக்காது.

7. பயணம்

கொழும்புக்கு இரவு ரயிலும் பஸ்களும் உண்டு. தெருவால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். விடுமுறைக் காலத்திலும் போயா சேர்ந்த நீண்ட வார இறுதியிலும் ரயில் ஆசனம் சீக்கிரம் முடிந்துவிடும், முன்பதிவு செய்யுங்கள். கல்லோயா பக்கத்துக் காட்டில் யானைகளுக்காக மெதுவாக ஓட்டுவார்கள், தாமதத்தை எதிர்பாருங்கள். பெருமழைக்குப் பிறகு சேவை நடக்கிறதா என்று நிலையத்தில் கேட்டுவிட்டே கிளம்புங்கள். பஸ்ஸில் போனால் விடியுமுன் புறக்கோட்டையில் இறக்கிவிடக்கூடும். பெண்கள் தனியாக அந்த நேரத்தில் இறங்காதபடி பஸ்ஸைத் தெரிவு செய்யுங்கள், அல்லது அழைத்துப்போக ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள்.

மட்டக்களப்பில் பயிற்சி என்றால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தவர்கள் நகருக்கு வந்து திரும்ப வேண்டியதில்லை. ஏ-15 வீதிக்கு வந்து பஸ் மறிக்கலாம்.

8. போன இடத்தில்

கொப்பியில் எல்லாவற்றையும் எழுதாதீர்கள். ஒவ்வொரு இரவும் ஒரே ஒரு விஷயம்: இன்று கேட்டதில் எங்கள் பங்கில் எதைச் செய்யலாம், யாரோடு, எப்போது. மற்றதெல்லாம் கொடுக்கும் கைந்நூலில் இருக்கும்.

பேசக் கூச்சமாக இருந்தால் தேவவசனம் வாசிக்கவோ மன்றாட்டுச் சொல்லவோ முதல் நாளே பெயர் கொடுங்கள். எழுதி வைத்து வாசிப்பது எளிது, குரல் திறந்துவிடும். மொழி விளங்காவிட்டால் முதல் நாளே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தலையாட்டிக்கொண்டு இருந்தால் காசும் நாளும் வீண். தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகளோடு சாப்பாட்டு வேளையில் உட்காருங்கள். மூவின மக்களும் வாழும் திருமலையில் பணி செய்யப்போகும் உங்களுக்கு அந்தப் பழக்கம் எந்த வகுப்பைவிடவும் பயன்படும்.

யாராவது தகாத முறையில் நடந்தால், அவர் எந்தப் பதவியில் இருந்தாலும், மௌனம் காக்க வேண்டாம். சிறுவர்கள் சம்பந்தப்பட்டது என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

9. திரும்பி வந்த பிறகு

ஒரு கிழமைக்குள் பங்குத்தந்தையையோ போதகரையோ போய்ப் பாருங்கள். கடிதத்தில் எழுதிய அந்த ஐந்தாவது வரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு கிழமைக்குள் ஒரு பக்க அறிக்கையும் செலவுக் கணக்கும் உதவி செய்தவர்களுக்குக் கொடுங்கள். மிச்சக் காசு இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த பிள்ளைக்கு உதவி கிடைப்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

உடனே பெரிய முகாம் வைக்க வேண்டும் என்ற வேகம் வரும். முதல் மூன்று மாதம் பழைய பொறுப்பையே இன்னும் நன்றாகச் செய்யுங்கள். அப்புறம் ஒரு நாள் ஒன்றுகூடல். அதற்கும் சில விஷயங்கள் உண்டு. அரசப் பாடசாலை மண்டபம் என்றால் அதிபரோடு நிற்காது, வலயக் கல்விப் பணிமனைக்கும் கடிதம் போக வேண்டியிருக்கும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்குப் பின் அறவே கூடாது. கோணேஸ்வரத்திலும் பத்திரகாளி அம்மன் கோவிலிலும் தேர் ஓடும் நாட்களில் நகரத்தில் எதையும் வைக்காதீர்கள். வீதியும் இருக்காது, அயலவர் மனமும் நோகும். கிராமங்களில் நடத்தும்போது வேறு சமயப் பிள்ளைகள் விளையாட்டுக்கு வந்தால் பெற்றோருக்குத் தெரியப்படுத்தி, என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மதம் மாற்ற வந்தார்கள் என்ற சந்தேகம் ஒரு தடவை எழுந்தால் பல வருடப் பணி நின்றுவிடும்.

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ ஒன்றுகூடல் என்றால் கடலில் இறங்குவதற்குத் தனி விதி வேண்டும்: உயிர்காப்பாளர் இருக்கும் இடம், வாடைக் காலத்தில் முற்றாக இல்லை, இறங்குமுன்னும் ஏறிய பின்னும் தலை எண்ணுதல், நீந்தத் தெரிந்த பெரியவர் இருவர் கரையில். பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பெரியவர்கள், ஒருவர் தனியாக அல்ல. படங்களை வட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போடுமுன் பெற்றோரிடம் கேளுங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை எல்லோர் போனிலும் பதிந்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சுவாமிமாரும் போதகர்மாரும் மாறிப் போவார்கள். உங்களை அனுப்பியவர் போய்ப் புதியவர் வந்தால் அவருக்கு உங்களைத் தெரியாது. அவர் வந்த முதல் மாதத்துக்குள் கடிதப் பிரதி, பயிற்சிச் சான்றிதழ் பிரதி, அறிக்கை, வரவுப் பதிவேடு, கணக்குக் கொப்பி எல்லாம் அடங்கிய கோப்போடு போய் அறிமுகமாகுங்கள். ஒரு பிரதியை பங்கு அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.